இழுத்துப் பார்த்த பூ

கோவில்பட்டி பைபாஸ் ஓரத்தில் உள்ள அஸ்லமின் நர்சரியில், பங்குனி வெயிலுக்குக் கள்ளிகள் பூத்திருந்தன.

"பசை வச்சுப் பூ ஒட்டின கள்ளிய ஒருத்தன் எந்தலையில கட்டிட்டான் பாய். இனி ஏமாற மாட்டேன்" என்றபடியே தங்கமாரி டீச்சர் ஒரு மஞ்சள் பூவைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்தது.

"பாத்தீங்களா, ஒட்டினதுதான்."

"இல்ல டீச்சர், காலையிலதான் விரிஞ்சது."

"அவனும் இப்படித்தான் சொன்னான்."

இன்னும் இரண்டு செடிகளில் இழுத்தார். அந்தப் பூக்களும் வந்துவிட்டன. மூலைத் தொட்டியில் இருந்த சிவப்புப் பூ மட்டும் அசையவில்லை.

"இதான் அசல். இதக் குடுங்க."

"அது வேண்டாம் டீச்சர். திருப்பி அனுப்ப வச்சிருக்கேன். அதுல…"

"நல்லத ஒளிச்சு வைக்கப் பாக்குதீங்களோ?"

காசைக் கொடுத்துவிட்டுத் தொட்டியோடு கிளம்பிவிட்டார்.

அஸ்லமின் மனைவி ஆசிபா கீழே கிடந்த பூக்களைப் பொறுக்கினாள். "செடியில பூத்தத எல்லாம் பிச்சுப் போட்டுட்டு, பசை வச்சு ஒட்டினதத் தூக்கிட்டுப் போறாவளே."

"அந்தப் பசைய எடு" என்றார் அஸ்லம்.

"எதுக்கு?"

அவர் பூக்களை வாங்கி, அதனதன் செடியிலேயே ஒட்டினார்.

"இனி யாரு இழுத்தாலும் வராது. அசல்னு நம்பிருவாவ."