ஆற்றங்கரை நிரை

"பொய் சொல்லாதீங்கக்கா. படம் இருக்கு."

சர்மிளா கைப்பேசியை அமராவதியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

படத்தில் சிலாங்கூர் ஆறு. கரையோரச் செம்பனை மரங்களுக்கு நடுவே, முதுகில் மருந்து டாங்கியோடு எட்டுப் பெண்கள் தெளித்துக்கொண்டே போகிறார்கள். முன்னால் போவது அமராவதி. மின்மினி பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போகும் படகுக்காரர் ஒருவர் போன மாதம் எடுத்து அனுப்பிய படம்.

"ஆத்தோரம் மருந்து அடிக்கிறதே இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அடிக்கிறது இல்ல மிஸ்."

"அப்ப படத்துல இருக்கிறது யாரு?"

"நான்தான்."

"முதுகுல என்ன?"

"டாங்கி."

"இன்னமும் அடிக்கலன்னே சொல்றீங்க?"

"ஆமா லா மிஸ். அடிக்கல."

சர்மிளாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

அவள் வேலை பார்ப்பது ஒரு சோப்புக் கம்பெனியின் ரவாங் அலுவலகத்தில். 'பூமி சூடேறுவதில் எங்கள் பங்கைக் குறைக்கிறோம். காட்டையும் ஆற்றையும் கெடுக்கும் தோட்டத்து எண்ணெயை வாங்க மாட்டோம்' என்று சோப்பு உறையிலேயே அச்சடித்து விற்கிற கம்பெனி. அது உண்மைதானா என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்ப்பது இவள் வேலை. ஆற்றிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் களைக்கொல்லி மருந்து கூடாது, புல்லைக் கையால்தான் வெட்ட வேண்டும் என்பது விதி.

"யாரை வேணும்னாலும் கேளுங்க" என்று சிரித்தபடி சொன்ன மானேஜர், சேற்றில் இறங்க மனமில்லாமல் தூரத்து மண்ரோட்டில் வண்டிக்குள் ஏர்கோனில் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்குப் பயந்துதானே பேசுறீங்க? இந்தத் தண்ணியிலதான் கீழ கம்பத்துக் கிராமத்து ஆளுங்க மீன் பிடிக்கிறாங்க. கொஞ்சமாச்சும் மனசு உறுத்தலையா?"

தலையைக் குனிவாள் என்றுதான் சர்மிளா நினைத்தாள். அமராவதியோ இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"உறுத்தல. வேற என்ன கேக்கணும்?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம். நானே பாத்துக்கிறேன்."

விறுவிறுவென்று கரைக்கு நடந்தாள். எதிர்பார்த்தது போலவே கரை மொட்டையாகக் கிடந்தது. அப்படிப் போடு! கிட்டத்தில் படம் எடுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

கை அப்படியே நின்றது.

மருந்து பட்ட புல் மஞ்சளாகி வேரோடு கருகிக் கிடக்கும். எத்தனை தோட்டங்களில் பார்த்திருக்கிறாள்! இங்கே ஒவ்வொரு தாளும் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டின இடத்திலேயே பச்சையாகத் துளிர்.

"இது வெட்டினதாச்சே! யாரு வெட்டினா?"

"நாங்கதான். எட்டுப் பேரும். காலையில பசியாற உடுற நேரத்துல தினம் கொஞ்சம் கொஞ்சமா."

"அதுக்குக் கூலி?"

"யாரு குடுப்பா?"

"எனக்குப் புரியலக்கா. மருந்தும் அடிச்சு, எதுக்கு வெட்டவும் செய்யிறீங்க?"

அமராவதி மண்ரோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மருந்துன்னா அரை நாள் வேலை. கையால வெட்டுனா நாலு நாளு. அதுக்கு ஆளு போட முடியாது, அடிச்சிட்டு அடிக்கலன்னு சொல்லுங்கன்னாரு மானேஜர். முடியாதுன்னு சொன்ன இராஜம்மாவ மறுநாளே நிறுத்திட்டாங்க. நாங்க டாங்கிய முதுகுல மாட்டிக்கிட்டோம்."

"இதை நான் எழுதினா எங்க கம்பெனி இங்க எண்ணெய் வாங்குறதையே நிறுத்திடும்."

"நிறுத்திட்டு? எண்ணெய மானேஜர் தலையில தேய்ச்சுக்குவாரா? ஒண்ணுமே கேக்காத கம்பெனிக்கு விப்பாரு. அப்புறம் இந்தக் கரைக்கு வந்து கேள்வி கேக்க யாரு இருக்கா? நீங்க பாட்டுக்குக் கை கழுவிட்டுப் போயிருவீங்க. உங்க சோப்புலயே."

சர்மிளா வெட்டுப்பட்ட தாள்களை மறுபடியும் பார்த்தாள்.

"ஆறு சுத்தமா இருக்கணும்னு எங்க தலையில எழுதுறீங்க. சுத்தமா வெட்டுறதுக்குக் கூலி யாரு தர்றதுன்னு ஏன் மிஸ் ஒரு எடத்துலயும் எழுதல?"

நல்ல வெயில். சர்மிளா செம்பனை நிழலில் நின்றபடியே தன் அறிக்கையைத் திறந்தாள். 'வாங்குவதை நிறுத்தலாம்' என்று காலையிலேயே, காரில் வரும்போதே, எழுதி வைத்திருந்த வரியை அழித்தாள். 'ஆற்றங்கரையைக் கையால் வெட்டும் கூலியை நம் கம்பெனி தர வேண்டும். மருந்தடிக்க மறுத்ததற்காக நிறுத்தப்பட்டவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். மாதம் தவறாமல் நானே வந்து பார்ப்பேன்' என்று எழுதி, அமராவதிக்கும் படித்துக் காட்டினாள்.

"உங்க மேலதிகாரி ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க மாட்டார். சண்டை போடுவேன்."

அமராவதி முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஆனா ஒண்ணுக்கா" என்றாள் சர்மிளா. "அடிச்சது அடிச்சதுதான். மருந்து மண்ணுல இறங்கியிருக்கும். அதை என்னால மறைக்க முடியாது. மண்ணு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியே ஆகணும்."

பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்தாள். அமராவதி அதை வெடுக்கென்று வாங்கினாள். கரையில் நாலு இடத்தில் தானே மண்ணைத் தோண்டி நிரப்பினாள். மூடியை இறுக்கித் திருகி, சர்மிளாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"தாராளமா அனுப்புங்க. இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் நாங்க சொன்னதில்ல. மானேஜர் குடுக்கிற மருந்தை ஆத்துக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற மேட்டு நிரை மரங்களுக்குக் கொண்டு போயிடுவோம். ஒன்றரை வருசமா இந்த ஆத்துத் தண்ணியத்தான் மொண்டு டாங்கில ஊத்தி, இந்த ஆத்தங்கரைக்கே அடிச்சிக்கிட்டு இருக்கோம் மிஸ்!"