மழையா, வெயிலா?

கட்டிங் மேசையில் போன் அடித்ததும் தையல்காரர் கத்தரியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். பன்னிரண்டு வயதாகியும் படுக்கையை நனைக்கும் மகள், முதன்முறையாகப் பள்ளிச் சுற்றுலா போயிருந்தாள். நனைந்தால் மழை, நனையாவிட்டால் வெயில். அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரிந்த பாஷை அது.

“கண்ணு, மழையா வெயிலா?”

“செம மழைப்பா!”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “யாராவது பார்த்தாங்களா?”

“எல்லாருமே பார்த்தாங்க.”

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“வெளியே எங்கேயும் போகக்கூடாதுன்னுட்டாங்க.”

“நீ என்ன வேணும்னேயா செஞ்சே? போனை அவங்ககிட்ட கொடு, ஒரு கை பார்த்துடறேன்!”

“மழைக்கு டீச்சர் என்னப்பா பண்ணுவாங்க?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தாள்.

“ஐயோ அப்பா, இது நிஜ மழை! என் படுக்கையில சுள்ளுன்னு வெயில்.”