ஒரு நாளைக்கு ஒரு மீன்

சடையன் என்ற நீர்நாய்க்குச் சிறுநீரகம் பழுதாகி ரொம்ப நாளாயிற்று. கால்கள் வீங்கிக் கரையிலேயே கிடந்தது. அதன் சிநேகிதன் மீன்கொத்திக்கு மனசு பொறுக்கவில்லை. உடம்பில் சத்து ஏறினால் எழுந்துவிடும் என்று நம்பி, கெண்டையும் கெளுத்தியுமாக நாள் முழுக்கப் பிடித்து வந்து ஊட்டியது.

வீக்கம் முகத்துக்கும் ஏறியது. பார்க்க வந்த ஆமை வைத்தியர் பதறிப்போனார். "ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்ன மீன்னுதானே இவன்கிட்ட சொன்னேன்? இவ்வளவு புரதத்தோட கழிவையும் வெளியேத்த இவன் சிறுநீரகத்துக்கு ஏது தெம்பு?"

மீன்கொத்தி சடையன் பக்கம் திரும்பியது. "ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"அவ்வளவு ஆசையா கொண்டாந்தே. வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

"அப்ப இனிமே உனக்கு மீனே கிடையாது!"

"அதுவும் தப்பு," என்றார் ஆமை. "அடியோட நிறுத்தினா உடம்பு உருகிப் போயிடும்."

மறுநாள் காலை மீன்கொத்தி ஒரே ஒரு அயிரையைக் கொடுத்தது. அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தது. இத்தனை நாளும் மீனைக் கவ்விக்கொண்டு வந்து போட்டுவிட்டு, அடுத்ததைப் பிடிக்கப் பறந்துவிடும். இப்போது அலகு சும்மா இருந்தது. மெல்லப் பேச ஆரம்பித்தது. மீன் என்று நினைத்துத் தவளையின் முதுகில் மோதிய கதையைச் சொன்னதும், சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தது.

பத்து நாளில் வீக்கம் வடியத் தொடங்கியது. பேச்சுதான் வடியவே இல்லை.