அசையாத வண்டு

என் மகள் சிவகாமவல்லி மலைக்காட்டில் காய்ச்சல் கண்டு இறந்த மறுமாதம், அவள் கணவன் ஆரோன் முதல்முறையாக என் வீட்டுப் படியேறினான். கண்ணாடி மூடியிட்ட சிறு பெட்டியை மேசைமேல் வைத்தான். உள்ளே, ஊசியில் குத்திய ஒரு கரிய வண்டு.

“வல்லி கண்டுபிடிச்சது ஐயா. இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணாத இனம். உங்க பேரை வெச்சிருக்கா. உங்க சம்மதம் இல்லாம வெளியிடக் கூடாதுன்னு சொல்லியிருந்தா.”

“தாண்டவராயன் பேரு ஒரு பூச்சிக்கா? கல்யாணத்துக்குக் கேட்காத சம்மதம் இதுக்கு எதுக்கு?”

“கேட்டா ஐயா. இந்த வாசல்ல நின்னு கேட்டா. நீங்க திரும்பியே பார்க்கல.”

அவள் எழுதியிருந்த விவரணையைப் படித்துக் காட்டினான். தடித்த ஓடு, குனியாத தலை. தொட்டால் கால்களை மடக்கிக்கொண்டு கல்லாகிவிடும். புரட்டினாலும் ஊதினாலும் அசையாது. பார்ப்பவர் விலகி, இருட்டிய பிறகே மெல்ல நடக்கத் தொடங்கும்.

“கேலி பண்ணியிருக்கா” என்றேன்.

“இல்லீங்க. செத்துப்போச்சுன்னு நான் தூக்கிப் போடப் பார்த்தேன். ‘பொறு, உள்ள உயிர் இருக்கு’ன்னு விளக்கை அணைச்சுட்டு அது பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா.”

“பேரைப் பிழையில்லாமப் போடச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னேன்.

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பும்வரை முதுகு வளையாமல் நாற்காலியில் இருந்தேன். பிறகு எழுந்து, வெளிச்சம் உள்ளே வராதபடி ஒவ்வொரு சன்னலாகச் சாத்தத் தொடங்கினேன்.