நாளைய குளிர்

நாளைக் காலை எட்டரை மணிக்கு அந்தப் பிரிட்ஜ் எத்தனை பாகை வெப்பநிலையில் இருக்கும் என்பது தவமணிக்கு இன்றைக்கே தெரிந்திருந்தது.

நான்கு பாகை. பதிவுத்தாளில் நீல மையில், வடிவான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமைக்கான காலைக் கட்டமும் மாலைக் கட்டமும் நிரம்பியிருந்தன. நிரோஷினி அந்தக் கட்டங்களில் விரலை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

தவமணியின் முகம் செத்துப்போயிற்று.

"நாளைக்குக் கோயில்ல தேர், பிள்ளை. வர நேரம் செல்லுமெண்டு இப்பவே எழுதிவிட்டனான்."

கிளினிக்குகளில் தடுப்பூசிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் நிரோஷினியின் வேலை. இரண்டு பாகைக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். தவறினால் ஊசிக்குள் இருப்பது வெறும் தண்ணீர்தான்.

மில்லிக்கன் பிளாசாவில் பதினெட்டு வருடமாக இருக்கிற கிளினிக் இது. டொக்டர் றெமிஜியஸ் ஊசி போட்டால் பிள்ளைக்கு நோகாது என்று, தூரத்து ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறிப் போனவர்களும் காரை எடுத்துக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். வரவேற்பு மேசை, கோப்புகள், பிரிட்ஜ் எல்லாம் தவமணியின் பொறுப்பு.

வருடத்துக்கு இருநூறு கிளினிக் ஏறி இறங்குகிற நிரோஷினிக்கு, போன வருடம் இங்கே வந்ததே மங்கலாகத்தான் நினைவிருந்தது.

தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். யூலை முழுக்க நான்கு. யூன், நான்கு. மே மாதமும் அப்படியே. கனடா தினத்தன்று கிளினிக் பூட்டு. பிரிட்ஜ் மட்டும் கடமை தவறாமல் நான்கில் நின்றிருந்தது.

வேறு விஷயமென்றால் சிரித்திருப்பாள். இந்தப் பிரிட்ஜிலிருந்து எடுத்த ஊசிகள் எத்தனை கைக்குழந்தைகளின் தொடையில் ஏறியிருக்கும்? அவை நல்ல ஊசிகளாகவும் இருக்கலாம், கெட்டுப்போனவையாகவும் இருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது. அத்தனை பிள்ளைகளையும் திருப்பிக் கூப்பிட்டு மறுபடி குத்த வேண்டும். டொக்டரின் பெயர் ஒரே நாளில் கெட்டுவிடும்.

கொண்டுவந்த வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தாள். ஆறு காட்டியது.

ஆறில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இன்று காலைக்கும் தாளில் நான்குதான் இருந்தது. அதுதான் நிரோஷினிக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"ஆறெண்டா ஆறெண்டே எழுதலாம்தானே அன்ரி? எட்டு வரைக்கும் ஓகேதானே. ஏன் பொய்யா எழுதினனீங்கள்?"

தவமணியின் கண் கலங்கியிருந்தது. அலுமாரியைத் திறந்து போன வருடத்துக் கோப்பை எடுத்தார். தேடிப் பார்க்காமலே ஒரு பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார்.

ஓகஸ்ட் மாதம். ஐந்து, மூன்று, ஆறு, நான்கு, ஐந்து. ஒழுங்கில்லாத, உயிருள்ள எண்கள்.

ஆறாம் திகதி காலை மட்டும் பதினொன்று. பக்கத்தில் பொடி எழுத்தில் தவமணி எழுதியிருந்தார்: இரவு இடிமழையில் கரண்ட் நின்றிருக்கிறது. ஒரு ஊசியும் போடவில்லை. எல்லாவற்றையும் புறம்பாக எடுத்து வைத்து டொக்டருக்கு அறிவித்தேன்.

பயிற்சி வகுப்புகளில் நிரோஷினி செய்யச் சொல்வது இதைத்தான், ஒன்றுவிடாமல்.

அந்தப் பதினொன்றைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தது. அதன் கீழே, ஒன்பதாம் திகதியிட்டு, நான்கு வரிகள். பாரிய கவனக்குறைவு. ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரு மாதத்துக்குத் தடுப்பூசி விநியோகம் நிறுத்தப்படுகிறது. பொறுப்பாக இருப்பவர் இந்த வேலைக்குத் தகுதியானவர்தானா என்று டொக்டர் யோசிக்க வேண்டும்.

நிரோஷினிக்குக் காது சுட்டது. கையெழுத்து அவளுடையது.

பத்தாம் திகதி காலை, நான்கு. மாலை, நான்கு.