எலிக்குப் போட்ட அரை பிஸ்கட்

ஆஸ்பத்திரியில் நோயாளியின் வயிற்றணுக்களை ஓர் எலிக்குள் வளர்த்து, அதை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். மருந்து முதலில் அதற்கு. அதன் வயிற்றில் அமிலம் குறைந்து, உப்புச்சத்தும் இறங்காமல் இருந்தால் மறுநாள் நோயாளிக்கு. சோதனைவரை எலி பட்டினி கிடக்க வேண்டும். மருந்து பலித்தால் என் மனைவி பிரிசில்லா கஞ்சியை விட்டு மீன்குழம்பு சாப்பிடலாம்.

நான் முப்பது வருஷம் வேதியியல் வாத்தியார். சோதனைக்குழாயைக் கழுவாத பிள்ளைகளை வெளியே நிறுத்தியவன். எலி இரண்டு காலில் நின்று என்னைப் பார்த்ததும் அரை பிஸ்கட் போட்டுவிட்டேன்.

“அமிலம் குறையவே இல்லையே. ஏதாவது தின்னக் கொடுத்தீங்களா சார்?” என்றார் டாக்டர். இனி இந்த எலி சோதனைக்கு உதவாது; அடுத்த எலி வளர ஒரு மாதமாகும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரிசில்லாவுக்கு அத்தனை நாள் இல்லையென்று மூவருக்கும் தெரியும்.

பிரிசில்லா முந்திக்கொண்டாள். “இவங்களா? சாக்பீஸையே ஒடிச்சுத்தான் குடுப்பாங்க டாக்டர்.”

வீட்டுக்கு வந்ததும் என் சட்டைப்பையிலிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டாள். “எலியாவது நல்லா சாப்பிட்டுச்சே” என்று சிரித்தாள்.

பதினோரு நாள் கஞ்சி குடித்தாள். மீன்காரர் தெருவில் வரும்போதெல்லாம், எனக்குக் கேட்கக் கூடாதென்று டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.