ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்பு

பேண்டு மாஸ்டர் செவெரினோ ஓரவஞ்சனை பிடித்தவர். இதில் லுனிங் டீச்சருக்குத் துளியும் சந்தேகமில்லை. நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி. கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுப்பவள், ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்கலாமா?

ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழாவில் லெச்சே ஃபிளான் போட்டி நடந்தது. முட்டை மஞ்சள் கருவும் பாலும் துளி எலுமிச்சையுமாக ஆவியில் வெந்து, தலையில் சர்க்கரைப் பாகோடு தட்டில் வந்து குலுங்குமே, அதுதான். நடுவர் செவெரினோ. முதல் பரிசு தையற்கடை கோரிங்குக்கு, இரண்டாவது லுனிங்குக்கு.

அதில் லுனிங்குக்கு வருத்தமில்லை. கோரிங் அவளுடைய உயிர்த்தோழி. தன்னுடையது அன்றைக்குக் கொஞ்சம் இறுகிப்போனதும் உண்மை. என்ன குறை என்று மாஸ்டரையே கேட்டாள். பாகு இன்னும் கருக வேண்டும், திருத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள் என்றார் அவர்.

எடுத்துப் போனாள். பூசை முடிந்ததும் நேரே அவர் வீட்டு முற்றத்துக்கு. மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, வாத்தியத்துக்குச் சுருதி பார்ப்பதுபோல ஒரு கரண்டி வாயில் வைத்தார். பாகு சரி, எலுமிச்சை தூக்கல் என்றார்.

அடுத்த ஞாயிறு எலுமிச்சை சரி, பதம் சரியில்லை. அதற்கடுத்த ஞாயிறு பதம் சரி, இனிப்பு ஒரு மாற்றுக் குறைவு. இப்படியே மழைக்காலம் போனது. ஒருநாள், பாகு ரொம்பக் கருகிவிட்டதே என்றார்.

லுனிங்குக்குச் சுருக்கென்றது. ஆரம்பித்த இடத்துக்கே அல்லவா கொண்டுவந்து விட்டுவிட்டார்?

கோரிங்கிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள். மனசு முதலிலேயே தீர்ப்பை எழுதிவிடுகிறது, நாக்கு கையெழுத்து மட்டும்தான் போடுகிறது என்று பாடமே நடத்தினாள். கோரிங் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"போட்டிதான் முடிஞ்சு போச்சேடி. அவர் என்ன சொன்னா உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நியாயத்துக்கா ஞாயிறானா புது கவுன் தைக்கச் சொல்றே?"

அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் லுனிங் தன் திட்டத்தைச் சொன்னாள். ஒரே அச்சில் ஒரே ஃபிளான். சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைக் கோரிங் தன்னுடையதென்று கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுபாதியோடு லுனிங் பின்னால் போவாள். குட்டு வெளிப்பட்டால் ஊர்த் தலைவரிடம் சொல்லி, வருகிற வருஷம் நடுவர் நாற்காலியையே பிடுங்கிவிடுவது. கோரிங் முதலில் முரண்டு பிடித்தாள். பிறகு வேடிக்கை பார்க்கும் ஆசையில் சரியென்றாள்.

ஞாயிறு வந்தது. கோரிங் போன வேகத்தில் தெருமுனைக்குத் திரும்பிவிட்டாள். நின்றபடியே ஒரு வாய் தின்றாராம். "அருமை, இதில் மாற்ற ஒன்றுமே இல்லை" என்று சொல்லி வழியனுப்பிவிட்டாராம்.

லுனிங்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புது கவுனைச் சரிசெய்துகொண்டு, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தாள்.

மாஸ்டர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி கலந்து வந்தார். ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று இன்னொரு துண்டும் சாப்பிட்டார். தட்டில் ஒட்டியிருந்த பாகைக்கூட விடவில்லை. பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"லேசா முட்டை வாசனை வருது, டீச்சர்."

அவ்வளவுதான். லுனிங் எழுந்தே விட்டாள்.

"மாஸ்டர், கோரிங் கொண்டு வந்ததும் இதுவும் ஒரே அச்சு. நான்தான் செஞ்சேன், நான்தான் வெட்டினேன். அவ கையில இருந்தா அருமை, என் கையில இருந்தா முட்டை வாசனையா?"

செவெரினோவின் காது இரண்டும் சிவந்தன. கரண்டியைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஊர் விழாவில் அத்தனை பேர் முன்னால் கோல் வீசிப் பேண்டு நடத்துகிற மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன்போலத் தரையைப் பார்த்தார்.

லுனிங் விடவில்லை. தலைவரிடம் சொல்லத்தான் போகிறேன் என்றாள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் தெரிய வேண்டும், அந்தக் கோரிங்கிடம் அப்படி என்ன தனிப்பட்ட பிரியம் என்று கேட்டாள். கேட்கும்போது குரல் ஏன் நடுங்கியது என்று அவளுக்கே விளங்கவில்லை. தர்க்கத்தில் அதற்கு இடமில்லை.

தோற்றவர் முகம் வாட வேண்டும். இவரோ, பாரம் இறக்கிவைத்தவர்போல மெல்லச் சிரித்தார்.

"தலைவர்கிட்ட தாராளமா சொல்லுங்க. ஒண்ணு கேக்கறேன். கோரிங் அடுத்த ஞாயிறு ஃபிளான் எடுத்துக்கிட்டு இங்க வருவாங்களா?"

"அவ எதுக்கு வரணும்? அதான் அருமைன்னு சொல்லி அனுப்பிட்டீங்களே."

"அதனாலதான் டீச்சர், உங்ககிட்ட ஒரு தடவைகூட அப்படிச் சொல்லல."